பேராச்சி அரைத்த மஞ்சள்

பேராச்சி காலையில் பிள்ளைகளைக் கூப்பிடப் புறப்படும்போது கையில் எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டாள். மணியோ குச்சியோ கிடையாது. தாராவியில் தோல் கிடங்குகளை ஒட்டிப் போகும் சந்துகளில் ஒவ்வொரு வாசலாக நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு வாசலுக்கு ஒரு தடவைதான்.

"ஏ செல்லப்பாண்டி, பள்ளிக்கூடம்."

அதில் கோபம் இருக்காது, கொஞ்சலும் இருக்காது. கூப்பிட்டதும் அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு, சாயாவில் முக்கின பாவ் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். அவள் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது பின்னால் ஒரு லோக்கல் வண்டியே நீண்டிருக்கும். பிள்ளைகளே அதற்கு வண்டி என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். பேராச்சி இஞ்சின். மூன்றாம் வகுப்புச் செல்லப்பாண்டி கார்டு. கடைசியில் நடந்து வருவான். யாராவது நழுவினால் விசில் அடிப்பான்.

எங்கள் பள்ளிக்கூடம் முனிசிபாலிட்டியுடையது அல்ல. ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஒரு சங்கம் வைத்து, பிள்ளைகள் நாலெழுத்துத் தமிழில் படிக்கட்டும் என்று தகரக் கூரையின் கீழ் இரண்டு அறைகளில் நடத்தியது. நாலாம் வகுப்பு வரைக்கும் உண்டு. நாங்குநேரிப் பக்கத்து வானமாமலை சார்தான் தலைமையாசிரியர். நான் அங்கே இன்னொரு ஆசிரியை. மாதுங்காவிலிருந்து தண்டவாளத்தைக் கடந்து நடந்தே போவேன். சங்கத்தின் வசூல் வாடகைக்கே சரியாகப் போகும். மற்றதெல்லாம் கிராண்ட், அதாவது கல்வி இலாகா தரும் மானியம். தினமும் எத்தனை பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் அது வரும். அப்பன் கிடங்குக்கும் அம்மா முறுக்குச் சுற்றவும் போகிற சந்தில், பிள்ளைகள் தாமாக வந்து உட்காருவார்களா? அதற்காகத்தான் பேராச்சி.

அவளுக்கு வயது நாற்பது இருக்கும், அல்லது குறைவாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. நெற்றி, கன்னம், மூக்கு நுனி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அம்மைத் தழும்பு. களக்காட்டுப் பக்கத்திலிருந்து புருஷன் பூதத்தானோடு வந்தவள். பூதத்தான் தோல் உப்பு உதறுகிற வேலை செய்தான். ஒரு கோடையில் வீட்டுக்கே அம்மை வந்தது. பெரிய பெண் போனாள், பிறகு கைப்பிள்ளை, பிறகு பூதத்தான். இவள் எழுந்தாள். இதை எனக்கு அவளே சொன்னாள். பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "டீச்சரம்மா, சாக்பீஸ் தீந்துபோச்சு, சார்ட்டச் சொல்லுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, பள்ளிக்கூடம். ராத்திரி பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வாள். இன்னொன்று, சந்தின் முனையில் இருந்த மாரியம்மன் கோயில். கோயில் என்றால் நாலு தகரமும் ஒரு பீடமும்தான். ஆத்தா கொடுத்த முத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு மிஞ்சினவள் என்று பெண்களுக்கு அவள்மேல் ஒரு மரியாதை. யார் வீட்டில் அம்மை போட்டாலும் பேராச்சியைக் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசுவாள். கொடைத் திருவிழாவுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைப்பது அவள் கைதான். வேறு யாரும் அந்த அம்மியைத் தொட மாட்டார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் என்று நினைவு. சரிதானா என்று கேட்டுக்கொள்ள எனக்கு இப்போது பக்கத்தில் ஆள் இல்லை. தப்பென்றால் அந்தப் பக்கத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மானியம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தியிருக்க வேண்டும், கையில் தழும்பு தெரிய வேண்டும், இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று உத்தரவு வந்தது. இன்றைக்கு நான் இருக்கும் ஊரிலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் முதல் கேள்வி அதுதான். எந்தெந்த ஊசி, எப்போது, காகிதம் எங்கே. காகிதம் கைப்பையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் வழியில் இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு வானமாமலை சார் உத்தரவைப் படித்துக் காட்டியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குத்தினால் போச்சு என்று நினைத்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் கை வெறுமையாக இருந்தது.

சார் பேராச்சியைக் கூப்பிட்டார். "கிராண்ட் நின்னுட்டுன்னா ஸ்கூல் பந்த்தான் பேராச்சி. அப்புறம் நீ எங்க போவ?"

"கோவண்டில கொழுந்தன் சொரிமுத்து இருக்கான்."

"அவன் சேத்துக்கிடுவானா?"

"அவன் சேத்துக்கிடுவான். அவன் பொண்டாட்டி சேக்க மாட்டா."

"அப்போ?"

"அப்போ ஸ்கூல் பந்த் ஆவக்கூடாது" என்றாள்.

அம்மை குத்தும் டீக்காவாலா வரும் தேதி சொல்லி அனுப்பினார்கள். அதே வாரம் செவ்வாய்க்கிழமைதான் சந்தில் கொடைக்குக் காப்புக் கட்டியிருந்தது. ஊரில் கொடை சித்திரையில். ஆனால் சித்திரையில் பாதிச் சனம் ரயிலேறி ஊருக்குப் போய்விடும் என்பதால் தாராவிக்காரர்கள் தையிலேயே நடத்திவிடுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடியும்வரை சந்தில் முடி வெட்டக்கூடாது, தாளிக்கக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. சார் வேறு தேதி கேட்டுப் பார்த்தார். கதம் என்ற அந்த டீக்காவாலாவுக்கு வார்டு முழுவதும் சுற்ற வேண்டியிருந்தது. அவர் கொடுத்த அடுத்த தேதி, இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு வந்தது.

குழாயடியில் பேராச்சி பேசினாள். நானும் சாரும் தள்ளி நின்றோம். குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

செல்லப்பாண்டியின் அம்மா கோமதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அந்தச் சந்தில் அவள் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. "ஏ மதினி, ஒனக்குமா புத்தி பேதலிச்சுப்போச்சு? காப்புக் கட்டுன தெருவுல ஊசியா? நாளைக்கு மஞ்ச அரைக்கப்போறவ நீதானே?"

"நாந்தான்."

"நீயே வந்து ரத்தம் எடுக்கணுங்கியே?"

"எடுக்கலட்டி. குத்துதான்."

"குத்துனா ரத்தம் வராம, பாலா வரும்?" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

"அந்த மருந்துக்கு அம்மைப்பால்னுதான் பேரு சொல்லுதாங்க" என்றாள் பேராச்சி. அவள் வேடிக்கையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றதும், "குத்தட்டும். குத்துன கையோட ஆத்தா மருந்த நான் அப்பிவிடுதேன். வேப்பிலையும் மஞ்சளும். அவ பிள்ளைகள் மேல அவ கை இருக்கும். பொறவு என்ன குத்தம்?" என்றாள்.

கோமதியம்மாள் யோசித்தாள். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அதன்பிறகு யாருக்கும் யோசிக்க நேரமில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறபோது கோமதியம்மாள் திரும்பிப் பார்த்து, "நல்லா வழுவழுன்னு அரை. என் பய தோலு மெல்லிசு" என்றாள். அதுதான் சம்மதம்.

கதம் ஒல்லியான மனிதர். சைக்கிளில் ஒரு தெர்மாஸ் குடுவையும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டு வந்தார். சின்ன வட்டத் தகட்டில் பல் வைத்த ஊசி. கையில் ஒரு சொட்டு மருந்தை வைத்து, அதன்மேல் ஊசியை அழுத்தி ஒரு திருகு திருகுவார். செல்லப்பாண்டி, "டீச்சர், இவரு நம்மளுக்கு ஸ்க்ரூ போடுதாரு" என்றான். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தன.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கதம் அலுக்காமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "பானி நஹி லகானேகா. சூக்னே தேனேகா." தண்ணீர் படக்கூடாது, காயவிட வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சார் தமிழிலும் இரண்டு தடவை சொன்னார்.

பேராச்சி பின்வாசலில் பித்தளைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பச்சையும் மஞ்சளுமாக அரைப்பு. உண்மையிலேயே வழுவழுவென்று அரைத்திருந்தாள். முன்வாசலில் கதம் குத்துவார். பிள்ளை அறையைக் கடந்து பின்வாசலுக்கு வரும். அவள் கையைப் பிடித்து, குத்தின இடத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து அப்புவாள். "ஆத்தா பாத்துக்கிடுவா, போ." அடுத்த பிள்ளை. கதம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வரிசைதான் முக்கியம். சார் பார்த்தார், நானும் பார்த்தேன். தண்ணீர்ப் பானைக்குப் போன ஒரு பெண்ணைப் பேராச்சி அதட்டித் திருப்பி அனுப்பினாள். "தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாருல்லா? காதுல விழலயா?" அரைக்கும்போதுகூட அவள் தண்ணீர் சேர்க்கவில்லையாம், வேப்பிலைச் சாறே போதும் என்று விட்டுவிட்டாளாம். பிறகு சொன்னாள்.

கொடை நடந்தது. சாமி வந்து ஆடினார்கள். மஞ்சள் நீர் ஊற்றினார்கள். எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரவில்லை, கை வீங்கவில்லை. முறுக்குச் சுற்றும் பெண்கள் பேராச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஆத்தா மருந்து பட்டுச்சு, ஒரு புண்ணு வரலயே!"

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். தோல் வாடைக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாரே தவிர முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். ஊரிலேயே குத்திக்கொண்டு வந்தவர்களின் தழும்புகள் இருந்தன. மற்ற கைகள் வழவழவென்று இருந்தன. ஒரு பொருக்கு இல்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்தார். சார் பதறிப்போய்க் கதமைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

கதம் வந்து ஒரு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். துவைத்தும் போகாத மஞ்சள் கறை எல்லாச் சட்டைகளிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"ஹல்தி?" என்றார். "ஹல்தி லகாயா?" மஞ்சள் தடவினீர்களா என்று கேட்டார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் மருந்து அதோடு வழித்துக்கொண்டு போய்விடும், மிச்சமிருந்தாலும் செத்துவிடும் என்று இந்தியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் குனிந்து குத்தினவர்.

பேராச்சி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "தண்ணி படலயே சார்" என்றாள். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள்.

மார்ச் முடிவதற்குள் திரும்ப வருவேன் என்றார் இன்ஸ்பெக்டர். மறுபடி குத்துங்கள். குத்தாத பிள்ளையின் பேர் வருகைப் பதிவில் இருந்தால் பள்ளிக்கு மொத்தமாகவே மானியம் கிடையாது. பேரை அடித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பள்ளி கிடையாது. ஆனால் பாதிப் பேரை அடித்தால் எண்ணிக்கை குறைந்து அப்போதும் மானியம் கிடையாது. அவர் இதையெல்லாம் மெதுவாக, எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று சொன்னார்.

சார் வீடு வீடாகப் போனார். எல்லோரும் எழுந்து நின்று, "சரி சார், ஆகட்டும் சார்" என்றார்கள். கதம் மறுபடி வந்தபோது ஒரு பிள்ளையும் வரவில்லை. காலையில் பேராச்சி கூப்பிட்டதற்கும் வரவில்லை. இஞ்சின் மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

குழாயடியில்தான் காரணம் தெரிந்தது. ஆத்தாவிடம் ஒரு தடவை கேட்டாகிவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் அத்தனை பிள்ளைக்கும் கை ஏன் வெறுமையாக இருக்கிறது? அவளே தன் மருந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டாள். இன்னொரு தடவை குத்தப்போனால் சும்மா விடுவாளா? அவர்கள் கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மொழியில் படித்தவள்தான் நான். இரண்டிலும் யோசித்துப் பார்த்தேன்.

இரண்டு நாள் பேராச்சி வழக்கம்போல வேலை செய்தாள். அறையைக் கூட்டினாள், பானையில் தண்ணீர் நிரப்பினாள். மூன்றாம் நாள் குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஆத்தா ஒண்ணுஞ் சொல்லல. நான் அப்புனதுதான் மருந்தக் கொன்னுட்டு."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுத?" என்றாள் கோமதியம்மாள்.

"மஞ்சளும் வேப்பிலையும் கொன்னுட்டு. டீக்காவாலா சொன்னாரு. அவர் சொன்னது சரிதான். இந்தத் தடவ நான் எதும் அப்ப மாட்டேன். பிள்ளைகள அனுப்புங்க."

"ஆத்தா மருந்து கொல்லுமாட்டி? எந்த வாய வச்சு இதச் சொல்லுத?"

"இந்த வாய வச்சுத்தான்."

"ஸ்கூல் பந்த் ஆயிட்டா ஒனக்குப் படுக்க எடம் போயிரும். அதுக்கு ஆத்தாளயே விக்கியோ?"

"எடம் போயிரும்தான்" என்றாள் பேராச்சி. "அதும் உண்டு."

கோமதியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டாள்: "அப்போ ஒன் புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் அப்புனியே? அது என்ன செஞ்சுது?"

ஒருத்தி "விடுட்டீ" என்று கோமதியம்மாளின் கையைப் பிடித்தாள்.

குடத்தின் வாயில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. பேராச்சி அதை விரட்டினாள்.

"அது ஒண்ணுஞ் செய்யல" என்றாள். "குளுந்து கெடந்துது. அவ்வளவுதான்."

நான் இதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முகத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தது, பிடித்தார்கள், போனார்கள்.

கதம் மூன்றாம் தடவையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். பிறகு இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் அறை நிறைந்துவிட்டது. பின்வாசலை அடைத்துவிட்டு அதில் சாய்ந்து பேராச்சி நின்றாள். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் மட்டும் மகனை அனுப்பவில்லை.

அந்தத் தடவை கை பழுத்தது. காய்ச்சல், அழுகை எல்லாம் வந்தது. ஒரு வாரம் பேராச்சியைச் சந்தெல்லாம் ஏசியது. பிறகு பொருக்குத் தட்டியது. இன்ஸ்பெக்டர் வந்து கைகளைப் பார்த்தார், கதமைப் பார்த்துத் தலையசைத்தார். கோமதியம்மாளை வானமாமலை சார் கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டேன்.

"உள்ள வந்து உக்காருங்கன்னா. சாயா போட்டுக் குடுத்தா. எம்பிள்ளைக்கு ஆத்தாளே போதும் சார்னு சொன்னா" என்றார். பிறகு சிவப்பு மையை எடுத்துச் செல்லப்பாண்டியின் பேரை அடித்தார். மானியம் வந்தது. பள்ளிக்கூடம் நிலைத்தது. பேராச்சியின் பாய் அங்கேயே சுவரோரம் இருந்தது.

அடுத்த நாள் காலை பழக்கத்தில் அந்த வாசலிலும் நின்று கூப்பிட்டுவிட்டாள். "ஏ செல்ல" என்றதோடு நிறுத்திக்கொண்டாளாம். அதற்குள் அவன் பையோடு வெளியே வந்துவிட்டான்.

"ஒன் பேரு இல்லல. உள்ள போ."

"ஏன் ஆயா?"

"இல்ல. போ."

வண்டி போவதை அவன் வாசலில் உட்கார்ந்து பார்த்தான். சந்து திரும்பும்வரை விசில் அடித்தான். பிள்ளைகள் எனக்கு வந்து சொன்னார்கள்.

பங்குனிப் பூசைக்கு மஞ்சள் அரைக்கப் பேராச்சியைக் கூப்பிடவில்லை. வேறு ஒருத்தி அரைத்தாள். அம்மியைக் கழுவி, சூடம் காட்டி, அதன்பிறகு அரைத்தாளாம். பேராச்சி கோயிலுக்குப் போய்த் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டு ஜன்னலுக்குக் கொண்டி சரியில்ல டீச்சரம்மா" என்றாள்.

பங்குனிக் கடைசியில் அம்மை வந்தது. குர்லாப் பக்கம் என்றார்கள், பிறகு சயான் என்றார்கள், பிறகு எங்கள் சந்து. கோமதியம்மாள் வேப்பிலையை வாசலில் செருகாமல் கதவுக்கு உள்பக்கம் செருகியிருந்தாள், ஆஸ்பத்திரி வேன் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று. மறைத்து என்ன? தாளிக்கிற வாசனை வராத வீடு எது என்று சந்துக்குத் தெரியாதா? பேராச்சியை அவள் கூப்பிடவில்லை. அம்மை போட்ட வீட்டுக்காரி குழாயடிக்கு வரக்கூடாது. தினமும் விடியற்காலையில் பேராச்சி ஒரு குடம் தண்ணீரை அந்த வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். குடம் உள்ளே போகும். மறுநாள் காலிக் குடம் வெளியே இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வரும்போது அந்த வாசலை மட்டும் தாண்டி அடுத்த வாசலில் நிற்பாள்.

நான் அந்த நாட்களில் மாதுங்கா வீட்டுக்குப் போனதும் துணியை வாளியில் போட்டுவிட்டு, என் கைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறதா, இருக்கிறது. மறுநாளும் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கடலில் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பையன் பிழைத்துவிட்டான் என்றார்கள். சார், "அப்பாடா" என்றார். அன்றைக்குக் கணக்குத் தேர்வு.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். சந்து முனையிலேயே பேராச்சியின் வண்டி எதிர்ப்பட்டது. சேர்ந்தே போகலாம் என்று கூட நடந்தேன். கோமதியம்மாளின் வாசலில் கதவு திறந்திருந்தது. அவள் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தலை வாரவில்லை. பேராச்சி தாண்டிப் போகப் பார்த்தாள்.

"மதினி" என்றாள் கோமதியம்மாள்.

பேராச்சி நின்றாள்.

"இனி இவனுக்கு ஊசி வேண்டாம்லா?"

பேராச்சி என்னைப் பார்த்தாள். அம்மை வந்து போனவர்களுக்குக் குத்த வேண்டியதில்லை, அது உத்தரவிலேயே இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"வேண்டாம்" என்றாள் பேராச்சி.

"அப்போ பேரு சேத்துக்கிடுவாங்கல்லா?"

"சேத்துக்கிடுவாங்க."

"பொறவு என்ன நிக்க? கூப்பிடு."

பேராச்சி கூப்பிட்டாள். எப்போதும்போல ஒரே தடவை. "ஏ செல்லப்பாண்டி, பள்ளிக்கூடம்."

உள்ளே ஏதோ தகரம் உருண்டது. செல்லப்பாண்டி சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். தோளில் பை மாட்டியிருந்தது. சட்டைக் கையில் அந்தப் பழைய மஞ்சள் கறை அப்படியே இருந்தது. முகம் முழுக்கப் பேராச்சியின் முகம்போல ஆகியிருந்தது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. படியருகில் நின்று காலால் தேடினான். கோமதியம்மாள் பிடிக்கப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டுக் குரல் வந்த பக்கம் இறங்கினான்.

பேராச்சி முந்தானையின் நுனியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தடவிப் பார்த்தான்.

"நான் கடைசிலலா நிக்கணும் ஆயா" என்றான். "நாந்தானே கார்டு."

அவன் பிடித்துக்கொண்டானா என்று பேராச்சி முந்தானையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏ ஜம்பு, பள்ளிக்கூடம்."